மோசேயின் சட்டமா, மொசைக் தரையா?

தகடூர்த் தும்பி (இழையைத் தொடங்கியவர்) | சனி, இரவு 9.40

வணக்கம். நான் தருமபுரியில் வீட்டிலிருந்தபடி மொழிபெயர்ப்பு செய்பவள். போன வாரம் ஒரு நிறுவனம் மூன்று கட்டுரைகளை இயந்திரத்திடம் மொழிபெயர்க்கக் கொடுத்துவிட்டு, "திருத்தம் மட்டும் பார்த்தால் போதும்" என்று எனக்கு அனுப்பியது. கூலியும் பாதிதான் என்பது தனிக் கதை.

முதல் கட்டுரை யூத சமயம் பற்றியது. அதில், "மொசைக் சட்டப்படி பன்றி இறைச்சி விலக்கப்பட்டது" என்று ஒரு வரி. இரண்டாவது, இத்தாலியத் தேவாலயம் ஒன்றின் சுவர்களைப் பற்றியது, அங்கேயும் மொசைக். மூன்றாவது கனடாவின் குடியேற்றக் கொள்கை. "கனடா ஒரு மொசைக் நாடு" என்று எழுதியிருந்தது.

பன்றி வரியைச் சிரிப்பு தாங்காமல் உரக்கப் படித்துவிட்டேன். வராந்தாவில் உட்கார்ந்திருந்த அப்பா தலையைத் தூக்கினார். அவர் நாற்பது வருடம் மொசைக் போட்ட மேஸ்திரி. தருமபுரி, பாலக்கோடு, காரிமங்கலம், ஒரு காலத்தில் கிருஷ்ணகிரி வரைக்கும் அவர் அரைத்த தரைகள் உண்டு. "மொசைக்குச் சட்டம் இல்லாமலா? முதல் சட்டம், ரசமட்டம் வைக்காமல் கலவையைக் கொட்டாதே. இரண்டாவது, ஈரத் தரையில் வீட்டுக்காரரை நடக்கவிடாதே. பன்றியைப் பற்றி ஒன்றும் கிடையாது" என்றார்.

சிரித்து முடித்த பிறகு எனக்கே குழப்பமாகிவிட்டது. மூன்று இடத்திலும் இருப்பது ஒரே சொல்லா? தமிழில் என்ன எழுதுவது? அகராதியிலிருந்து "பல்வண்ணக் கல் ஒட்டுச் சித்திரம்" என்று எதையாவது எடுத்து வீசாதீர்கள். என் அப்பாவுக்குப் புரிய வேண்டும்.

எலத்தகிரிக்காரன் | சனி, இரவு 10.25

தும்பிக்கு வணக்கம். ஓய்வு பெற்ற ஆசிரியன் நான். ஞாயிறு பூசையில் வாசகம் வாசிப்பவன் என்பதால் முதல் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன்.

அது மோசே, இஸ்ரயேல் மக்களுக்குக் கடவுளின் சட்டத்தைக் கொண்டுவந்தவர் என்று வேதாகமம் சொல்பவர். ஆங்கிலத்தில் மோசே என்ற பெயரை அடைமொழியாக்கினால் "மொசைக்" என்று வந்து நிற்கும். முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டால் மோசேயைச் சேர்ந்தது, சிறிதாகப் போட்டால் கல் பதிப்பு. வாக்கியத்தின் முதல் சொல்லாக வந்தால் அந்த அடையாளமும் போய்விடும். நம் எழுத்தில் பெரியது சிறியது கிடையாது. ஆகவே இயந்திரம் இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டது. "மோசேயின் சட்டம்" அல்லது "மோசே வழிவந்த திருச்சட்டம்" என்று எழுதுங்கள்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பழைய கத்தோலிக்க வேதாகமத்தில் அவர் மோயீசன். சீர்திருத்தச் சபையார் மோசே என்றார்கள். 1995-இல் இரு தரப்பும் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்புக்குப் பிறகு எங்கள் கோயிலிலும் மோசேதான். என் பாட்டி மட்டும் கடைசிவரை மோயீசனை விடவில்லை. எகிப்து அரசன் பார்வோனின் மகள் குழந்தையைத் தண்ணீரிலிருந்து எடுத்ததால் அந்தப் பெயர் என்று வேதாகமத்தின் யாத்திராகமம் இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. "இழுத்தெடு" என்ற பொருள் தரும் எபிரேயச் சொல்லின் ஒலி அதில் இருக்கிறது. ஆய்வாளர்கள் எகிப்திய மொழியையும் காட்டுவார்கள். துத்மோஸ் என்ற அரசன் பெயரின் பின்பாதி "பிறந்தவன்" என்று பொருள்படும். மோசேயும் அதே வேர் என்பார்கள்.

திருச்சட்டம் என்றால் பத்துக் கட்டளை மட்டும் அல்ல. ரபிகள் என்ற யூத சமய ஆசான்களின் மரபு அதை 613 கட்டளைகளாக எண்ணி வைத்திருக்கிறது. எதைத் தின்னலாம் என்பதிலிருந்து, அறுவடையில் வயலின் ஓரத்தை ஏழைக்கு விட்டுவிட வேண்டும் என்பது வரை. உங்கள் தந்தையாருக்கென்றே ஒன்று இருக்கிறது, உபாகமம் 22:8. புது வீடு கட்டினால் மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்ட வேண்டும்; இல்லாவிட்டால் விழுந்து செத்தவனின் இரத்தப்பழி வீட்டுக்காரன் தலையில்.

தகடூர்த் தும்பி | சனி, இரவு 10.41

கைப்பிடிச் சுவரைப் படித்துக் காட்டினேன். "அப்படியானால் அந்த மோசே கட்டடம் தெரிந்த ஆள்தான். இந்த ஊரில் பாதி வீட்டுக்கு இன்னும் கைப்பிடிச் சுவர் இல்லை" என்கிறார்.

பட்டணத்து மாங்கொட்டை | ஞாயிறு, காலை 7.05

காவேரிப்பட்டணத்திலிருந்து. எல்லோரும் ஏன் சுற்றி வளைக்கிறீர்கள்? மோசே மலையிலிருந்து இறங்கி வந்து கன்றுக்குட்டிச் சிலையைப் பார்த்துக் கோபத்தில் சட்டம் எழுதிய கற்பலகைகளைப் போட்டு உடைத்தார் அல்லவா? அந்தத் துண்டுகளை எடுத்து ஒட்டியதால்தான் அந்தக் கலைக்கு மொசைக் என்று பெயர். போன வருடம் வாட்ஸ்அப்பில் வந்தது.

மலையடிவாரம் | ஞாயிறு, காலை 8.30

மாங்கொட்டை, பலகை உடைந்தது வேதத்தில் இருக்கிறது. ஒட்டியது வாட்ஸ்அப்பில் மட்டும்தான் இருக்கிறது.

கலைச்சொல்லுக்கும் மோசேக்கும் உறவே இல்லை. கிரேக்கர்களுக்குக் கலைகளின் தேவதைகள் ஒன்பது பேர், மியூஸ் என்பார்கள். அவர்களைச் சேர்ந்தது என்ற பொருளில் லத்தீனில் ஒரு சொல் உண்டாகி, இத்தாலியில் மொசாயிக்கோ ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. மியூசியம் என்ற சொல்லும் அதே வீட்டுப் பிள்ளைதான். ஆக, கிருஷ்ணகிரி அருங்காட்சியகமும் தும்பியின் அப்பா போட்ட தரையும் சொல் வழியில் சொந்தக்காரர்கள்.

நான் சையத் பாஷா மலையடிவாரத்தில் வளர்ந்தவன். எங்களுக்கு அவர் மூசா நபி. திருக்குர்ஆனில் மற்ற எந்த நபியின் பெயரையும்விட அதிக முறை வரும் பெயர் அவருடையது. அவருக்கு அருளப்பட்ட வேதத்தைத் தவ்ராத் என்போம். பள்ளியில் ஆங்கில வாத்தியார் மொசைக் என்று சொல்லும்போதெல்லாம் என்னையறியாமல் மூசாவைத்தான் நினைத்திருக்கிறேன். ஒலி செய்யும் வேலை அது.

கலைப் பக்கமும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எருசலேமில் 691, 692 வாக்கில் கட்டி முடிந்த பாறைக் குவிமாடத்தின் உட்சுவர்களும், அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த டமாஸ்கஸ் பெரிய பள்ளிவாசலின் சுவர்களும் மொசைக்தான். மரம், நதி, மாளிகை, கொடி எல்லாம் இருக்கும். மனிதர் ஒருவரும் இருக்கமாட்டார். டமாஸ்கஸ் படத்தை முதன்முதலில் பார்த்தபோது, ஊரே எங்கேயோ கல்யாணத்துக்குப் போய்விட்டதோ என்று தோன்றியது.

எலத்தகிரிக்காரன் | ஞாயிறு, காலை 11.15

பூசை முடிந்து வந்து படிக்கிறேன். பாய் சொன்ன கடைசி விஷயத்தில்தான் சுவையே இருக்கிறது.

சொற்கள் இரண்டும் அந்நியர்கள். பொருளில் இரண்டும் மோதிக்கொள்கின்றன. எந்த உருவத்தையும் செய்து வணங்காதே என்கிறது மோசேயின் சட்டம். மொசைக் கலையோ உருவத்தால் வாழ்வது. இப்போது பேத் ஆல்பாவுக்கு வாருங்கள். இஸ்ரேலின் வடபகுதியில் ஓர் ஊர். 1928-இல் அங்கே நீர்ப்பாசன வாய்க்கால் வெட்டியவர்கள் மண்வெட்டியில் தட்டுப்பட்டது ஆறாம் நூற்றாண்டு யூதத் தொழுகைக்கூடத்தின் தரை. நம் பக்கத்தில் நிலத்தைத் திருத்தும்போது நடுகல் கிடைக்குமே, அதுபோல. தரையின் நடுவில் பன்னிரண்டு ராசிகளும் வட்டமாக இருக்கின்றன, எபிரேயத்தில் பெயர் எழுதி. வட்டத்துக்கு நடுவில் நான்கு குதிரை பூட்டிய தேரில் சூரியன்! கிரேக்கர்களின் ஹீலியோஸ் இருக்கும் கோலத்திலேயே. மோசேயின் சட்டத்தை ஓதும் கூடத்தின் நடுத்தரையில்.

எப்படி விட்டார்கள் என்று கேட்டால் ஒரு சமாதானம் சொல்வார்கள்: காலால் மிதிக்கும் உருவத்தை யாரும் கும்பிடமாட்டார்கள், ஆகவே தரையில் இருந்தால் குற்றமில்லை. எனக்கு இது முழுத் திருப்தி தரவில்லை. ராசிக்கட்டம் பார்க்கிற ஆசை எந்தச் சட்டத்துக்கும் அடங்காதது என்பது என் எண்ணம்; நாற்பது வருடம் ஊர்க் கல்யாணங்களைப் பார்த்தவன் சொல்கிறேன்.

கருங்கல் | ஞாயிறு, மதியம் 2.50

கிருஷ்ணகிரியில் கிரானைட் பாலிஷ் பட்டறை வைத்திருக்கிறேன். தும்பி அக்கா கோபிக்க வேண்டாம். உங்கள் அப்பா போட்டது மொசைக் அல்ல. வெளிநாடுகளில் பல இடங்களில் அதற்கு டெரஸோ என்று பெயர். வெனிஸ் பக்கத்திலிருந்து பரவிய வேலை. மொசைக் என்றால் ஒவ்வொரு துண்டையும் கையால் எடுத்து இடம் பார்த்துப் பதித்து உருவம் கொண்டுவருவது. டெரஸோவில் சில்லுகளைக் கலவையோடு கொட்டுகிறீர்கள். எது எங்கே விழுகிறதோ அங்கே இருக்கும். நம் நாட்டில் இதைப் பிடிவாதமாக மொசைக் என்கிறோம்.

தகடூர்த் தும்பி | ஞாயிறு, மாலை 5.20

மேற்கோள் (கருங்கல்): "எது எங்கே விழுகிறதோ அங்கே இருக்கும்."

இதை அப்பாவிடம் படித்துக் காட்டியிருக்கக் கூடாது. மதியத் தூக்கம் போய்விட்டது. அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

"தம்பி, நாற்பது வருடத்தில் டெரஸோ போடு என்று எனக்கு யாரும் முன்பணம் கொடுத்ததில்லை. மொசைக் என்றுதான் கொடுத்தார்கள். எது எங்கே விழுகிறதோ அங்கே என்றால், நான் எதற்கு?

அடித்தளம் ஜல்லிக் கலவை. அதன்மேல் நூல் பிடித்துக் கண்ணாடிப் பட்டைகளை நிறுத்துவோம், கட்டம் கட்டமாக. கட்டத்துக்குள் சிமெண்ட், மார்பிள் பவுடர், சிப்ஸ் என்கிற கல் சில்லு. வெள்ளைத் தரைக்கு வெள்ளைச் சிமெண்ட். நிறம் வேண்டுமானால் கலர்ப்பொடி. சிப்ஸில் ஜீரோ நம்பர், ஒன்று, இரண்டு என்று அளவு உண்டு. பெரியதை மட்டும் போட்டால் நடுவில் சிமெண்ட் குளம் கட்டும். சின்னதை மட்டும் போட்டால் தரை புழுதி படிந்த மாதிரி இருக்கும். எவ்வளவுக்கு எவ்வளவு என்பது கைக்குத்தான் தெரியும். கொட்டிய பிறகு குந்தியபடி கட்டம் கட்டமாகப் பார்த்து, வெறுமையாக இருக்கும் இடத்தில் சிப்ஸைத் தூவி, மணியாஸ் கட்டையால் தட்டி இறக்குவேன். கருப்பு ஒரே பக்கம் சேர்ந்துவிட்டால் கரணை நுனியால் பிரித்துவிடுவேன். நீ சொல்லும் கையால் பதிக்கிற வேலை அங்கேதான் இருக்கிறது. பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

பிறகு சில நாள் தண்ணீர் கட்டி வைக்க வேண்டும். அப்புறம் மிஷின். முதல் அரைப்பு முடிந்ததும் தரை அம்மைத் தழும்பு விழுந்த முகம் மாதிரி இருக்கும். கூலி கொடுப்பவர் முகமும் மாறும். ஊசி ஓட்டைகளில் எல்லாம் அதே நிறத்தில் சிமெண்ட் பால் தேய்த்து, காயவிட்டு, இன்னும் நைசான கல்லைப் பூட்டி இரண்டாவது, மூன்றாவது அரைப்பு. கடைசியில் ஆக்ஸாலிக் ஆசிட் பாலிஷ். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டம்மாள் சிரிப்பார்."

இதோடு விட்டார். கால் பாதத்தைக் காட்டி ஏதோ சொல்ல வந்தவர், "அதெல்லாம் எழுதாதே" என்று நிறுத்திவிட்டார். மிஷின் ஓடும்போது முழங்கால் வரை வெள்ளைச் சேறாகத்தான் நிற்பார், எனக்குத் தெரியும்.

கருங்கல் | ஞாயிறு, மாலை 6.02

மேஸ்திரி ஐயாவிடம் தோற்றேன். இருந்தாலும் அந்தச் சுவர் மொசைக்கில் இருக்கும் ஒரு வித்தையை அவரிடம் சொல்லுங்கள். பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசு) காலத்துத் தங்க மொசைக்கில் ஒவ்வொரு துண்டும் கண்ணாடி. நடுவில் மெல்லிய தங்கத் தகடு, மேலே மறுபடியும் கண்ணாடி. அவற்றை ஒரே மட்டத்தில் பதிக்கமாட்டார்கள். வேண்டுமென்றே கொஞ்சம் கொஞ்சம் சாய்த்துப் பதிப்பார்கள். விளக்கு அசைந்தால், நீங்கள் நடந்தால், ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு நேரத்தில் மின்னும். சுவரை மிஷின் வைத்து மட்டமாக அரைத்துவிட்டால் மொத்தமும் செத்துப்போகும். என் தொழிலே அரைப்பதுதான். அதனால் இது மனத்தில் நின்றுவிட்டது.

டொராண்டோவில் ஒரு பென்னாகரம் | ஞாயிறு, இரவு 11.48 (உங்கள் நேரப்படி)

மூன்றாவது கட்டுரைக்கு நான் வருகிறேன். சொந்த ஊர் பென்னாகரம், பிழைப்பு டொராண்டோ.

இங்கே மொசைக் என்பது அரசியல் சொல். அமெரிக்காவை உருக்கும் பானை என்பார்கள். 1908-இல் மேடையேறிய ஒரு நாடகத்தின் தலைப்பு அது. எல்லோரும் உருகி ஒரே உலோகமாக வேண்டும் என்பது எண்ணம். கனடாக்காரர்கள், "நாங்கள் அப்படி அல்ல, துண்டுகள் துண்டுகளாகவே இருந்து ஒரு படமாகிறோம்" என்றார்கள். 1938-இல் கிப்பன் என்பவர் எழுதிய நூலுக்குப் பிறகு மொசைக் என்ற உவமை பரவியது. 1971-இல் பிரதமர் பியர் ட்ரூடோ பல்பண்பாட்டுக் கொள்கையை அறிவித்தார்; 1988-இல் அது சட்டமாகவே ஆனது. ஈழத்திலிருந்து வந்தவர்களின் உழைப்பால் இங்கே தமிழுக்குத் தெருவிலும் நூலகத்திலும் இடம் இருக்கிறது. சனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக 2016-இல் கனடா நாடாளுமன்றம் ஏற்றது. இதையெல்லாம் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் 1965-இலேயே ஜான் போர்ட்டர் என்ற சமூகவியலாளர் குத்திக்காட்டிவிட்டார்: இது தரையில் கிடக்கும் மொசைக் அல்ல, செங்குத்தாக நிற்கும் மொசைக், மேல் வரிசையில் பிரித்தானிய வழியினர், மற்ற இனத்தவர் படிப்படியாகக் கீழே. என் அடுக்குமாடிக் கட்டடத்தில் இரவு துடைப்பம் பிடிப்பவர் அவர் நாட்டில் பொறியாளர். துண்டு வண்ணமயமாகத்தான் இருக்கிறது. எந்த வரிசையில் பதித்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

மும்மொழி ஒசூர் | திங்கள், காலை 9.10

கனடா வரைக்கும் எதற்குப் போக வேண்டும்? எங்கள் வீட்டுக்கு வாருங்கள். நைனாவோடு தெலுங்கு, பாட்டியோடு கன்னடம், பள்ளியில் தமிழ், பக்கத்து வீட்டில் உருது. சந்தையில் தக்காளிக் கூடைக்கு ஒரே நிமிடத்தில் மூன்று மொழியில் விலை பேசுவோம். தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் போனால் ஒரு வாக்கியத்தின் தலை கன்னடத்திலும் வால் தமிழிலும் இருக்கும். தருமபுரி மாவட்டத்துச் சிட்லிங்கியில் லம்பாடிப் பெண்கள் துணியில் தைக்கும் தையலைப் பார்த்திருக்கிறீர்களா? அதுவும் மொசைக்தான், ஊசியால் போட்டது. இந்தியாவிலேயே பெரிய மொசைக் தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்கள்தான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

வெறுங்கால் | திங்கள், காலை 9.55

நெஞ்சை நிமிர்த்துவதற்கு முன் 2012 நவம்பரை நினைத்துக்கொள்ளுங்கள் ஒசூர்க்காரரே. தருமபுரியில் நாயக்கன்கொட்டாய் பக்கத்தில் ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணம் காட்டி மூன்று தலித் குடியிருப்புகளைக் கொளுத்தினார்கள். நாலு மொழியில் தக்காளி வாங்கலாம். ஊர்த்தெருவும் காலனியும் இன்னும் தனித்தனிக் கட்டம்தான். கட்டம் போட்டவனுக்கு அது அழகாகத்தான் தெரியும்.

மட்டுறுத்துநர் | திங்கள், காலை 10.30

வெறுங்கால் சொன்னது நடந்த நிகழ்வு, பதிவு இருக்கும். இதற்குக் கீழே சாதிப் பெயர் சொல்லி வந்த இரண்டு மறுமொழிகளை நீக்கியிருக்கிறேன். மூன்றாவது வந்தால் இழையைப் பூட்டுவேன்.

மும்மொழி ஒசூர் | திங்கள், காலை 11.12

வெறுங்கால், உங்களுக்கு மறுப்பு சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. சந்தையை மட்டும் நினைத்து எழுதிவிட்டேன்.

தகடூர்த் தும்பி | திங்கள், மதியம் 1.45

காலையிலிருந்து இந்தப் பேச்சுதான் வீட்டில். அப்பா இரண்டு விஷயம் கேட்கிறார். டொராண்டோ அண்ணாவுக்கு முதல் கேள்வி: "அவர்கள் சொல்லும் மொசைக் எது? கருங்கல் தம்பி சொன்ன சாய்த்துப் பதித்ததா, நான் போட்ட மாதிரி அரைத்ததா? அரைத்த தரையிலும் சிப்ஸ் தனித்தனியாகத்தான் தெரியும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தலை போயிருக்கும்."

இரண்டாவது, வெறுங்கால் சொன்ன கட்டம். கண்ணாடிப் பட்டை எதற்கு என்று நானும் கேட்டேன். அலங்காரத்துக்கு என்று நினைத்திருந்தேன். "பெரிய தரையை ஒரே பாளமாகப் போட்டால் காயும்போது இழுத்துக்கொண்டு கண்ட இடத்தில் வெடிக்கும். பட்டை இருந்தால் வெடிப்பு பட்டையோடு போய்விடும். பட்டைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மட்டம். அது ஒரு நூல் ஏறினாலும் என் கூலியைப் பிடித்துக்கொள்ளலாம். அவர் சொல்லும் கட்டத்தில் ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். அதை மொசைக் என்று சொன்னால் எங்களுக்கு அவமானம்."

டொராண்டோவில் ஒரு பென்னாகரம் | திங்கள், இரவு 7.30 (உங்கள் நேரப்படி)

"தலை போயிருக்கும்." இதைத்தான் பதினைந்து வருடமாக இங்கே நண்பர்களுக்கு விளக்கப் பார்க்கிறேன். பொங்கல் விழாவுக்கு வருவார்கள், வடை நன்றாக இருக்கிறது என்பார்கள், எல்லாம் சரி. வேலை கேட்டுப் போகும் இடத்தில் என் பெயரின் முதல் மூன்று எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அரைத்துவிட்டார்கள். நானும் சரி என்றேன். எனக்கும் வாடகை கட்ட வேண்டும்.

அரூர் குச்சிக்கிழங்கு | திங்கள், இரவு 8.15

எல்லோரும் பெரிய படிப்பாளிகள். நான் விவசாயி. எங்களுக்கு மொசைக் என்றால் வயிற்றைக் கலக்கும்.

மரவள்ளியில் வருகிறதே தேமல் நோய், அதற்கு வேளாண்மை அதிகாரிகள் சொல்லும் பெயர் மொசைக். இலையில் பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாக விழும், இலை கோணிச் சுருங்கும், கிழங்கு விரல் அளவில் நின்றுபோகும். வெள்ளை ஈ பரப்பும். நோய் பிடித்த செடியிலிருந்து நடவுக்குக் குச்சி வெட்டினால் நாமே பரப்புவோம். உளுந்தில் வருவது மஞ்சள் தேமல். தூரத்திலிருந்து பார்த்தால் காடே பூப்போட்ட சேலை மாதிரி இருக்கும். ஜவ்வரிசி ஆலைக்கு லோடு ஏற்றும்போதுதான் அழுகை வரும்.

தாவரவியல் படிக்கும் என் மகள் சொல்கிறாள்: 1886-இல் மாயர் என்பவர் புகையிலையில் இதைப் பார்த்து மொசைக் என்று பெயர் வைத்தாராம். 1892-இல் இவானோவ்ஸ்கி, பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியிலும் இந்த நோய்ச்சாறு நிற்காமல் இறங்கிவிடுகிறது என்று கண்டார். 1898-இல் பெயரிங்க் அதற்கு வைரஸ் என்ற சொல்லைக் கொடுத்தார். வைரஸ் என்று ஒன்றை உலகம் அறிந்ததே இந்த மொசைக்கால்தான்.

தும்பி தங்கச்சி தமிழ்ச் சொல் கேட்டது. தேமல் இருக்கிறதே! எத்தனை தலைமுறைச் சொல்!

எலத்தகிரிக்காரன் | திங்கள், இரவு 8.40

அருமையான சொல். "கனடா ஒரு தேமல் நாடு" என்று எழுதினால் தூதரகத்திலிருந்து ஆள் வருவார்கள்.

பட்டணத்து மாங்கொட்டை | திங்கள், இரவு 8.52

"தேமல் சட்டம்" என்று எழுதினால் தோல் மருத்துவரிடமிருந்து வருவார்கள்.

தகடூர்த் தும்பி | செவ்வாய், இரவு 9.05

கட்டுரைகளை இன்று அனுப்பிவிட்டேன். முதலாவதில் "மோசேயின் சட்டம்". இரண்டாவதில் முதல் இடத்தில் "வண்ணக் கற்களையும் கண்ணாடித் துண்டுகளையும் பதித்து உருவாக்கிய ஓவியம், அதாவது மொசைக்" என்று ஒரு முறை விரித்துச் சொல்லிவிட்டு, பிறகு மொசைக் என்றே விட்டேன். மூன்றாவதில் உவமையை எடுத்துவிட்டேன். "பல இனத்தவரும் தத்தம் மொழியோடும் வழக்கங்களோடும் வாழ இடம் தருவதாகச் சொல்லும் நாடு" என்று எழுதினேன். "தருவதாகச் சொல்லும்" என்பது மூலத்தில் இல்லை. திருப்பி அனுப்பினால் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த இத்தாலியத் தேவாலயம் ராவென்னா ஊரில் இருக்கும் சான் விட்டாலே. 547-இல் திருநிலைப்படுத்தியது. கட்டுரையோடு வந்த படங்களை அப்பாவுக்குப் பெரிதாக்கிக் காட்டினேன். ஒரு சுவரில் சாட்சாத் மோசேயே இருக்கிறார்! எரியும் முட்செடிக்கு முன்னால் குனிந்து செருப்பைக் கழற்றுகிறார். "நீ நிற்கிற இடம் பரிசுத்தமான பூமி, செருப்பைக் கழற்று" என்று கட்டளை வந்த இடம். அப்பா வெகுநேரம் பார்த்தார். "மொசைக் வேலை நடக்கும் இடத்தில் செருப்போடு வரக்கூடாது என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது" என்றார்.

வாத்தியார் ஐயா சொன்ன பேத் ஆல்பா தரையையும் தேடிக் காட்டினேன். வாசல் பக்கத்தில் கிரேக்கத்தில் ஒரு எழுத்து வரி: இந்த வேலையைச் செய்த மரியானோஸும் அவர் மகன் ஹனினாவும் நினைக்கப்படட்டும் என்று. அப்பா சூரியனைப் பார்க்கவில்லை, ராசியைப் பார்க்கவில்லை. "பெயர் போட விட்டார்களா?" என்று மட்டும் இரண்டு முறை கேட்டார்.

அப்புறம்தான் சொன்னார். பாலக்கோட்டில் ஒரு வீட்டில், அடுக்களை வாசற்படிக்குப் பக்கத்துக் கட்டத்தில், கருப்பு சிப்ஸாகப் பொறுக்கி அம்மா பெயரின் முதல் எழுத்தைப் பதித்தாராம். மிஷின் அரைப்பில் மங்கிவிடுமோ என்று பயந்தாராம், மங்கவில்லை. நான் பிறந்த வருடம். அம்மாவுக்கே தெரியாது.

கருங்கல் | செவ்வாய், இரவு 9.31

அக்கா, அந்த வீடு இப்போது எப்படி இருக்கிறது? இப்போதெல்லாம் பழைய மொசைக் மேலேயே டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டியிருந்தாலும் கவலை இல்லை, கீழே எழுத்து அப்படியே இருக்கும்.

வெறுங்கால் | செவ்வாய், இரவு 9.50

எங்கள் பாட்டி வீட்டில் மொசைக் தரைதான். நடு அறையில் மட்டும் பாலிஷ் போய்விட்டது. அரைக்கும் மிஷின் வைத்திருப்பவர் யாரும் இப்போது கிடைப்பதில்லை. மேஸ்திரி ஐயா வருவாரா?

தகடூர்த் தும்பி | செவ்வாய், இரவு 10.04

முழங்கால் ஒத்துழைக்காது. நாற்காலி போட்டால் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார். ஆள் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். மிஷின் இருக்கிறது, பின்கட்டில் சாக்கு மூடிக் கிடக்கிறது, மோட்டார் ஓடுகிறதா என்று நாளை பார்த்துச் சொல்கிறேன். ஊரைத் தனிமடலில் அனுப்புங்கள்.

கருங்கல் | செவ்வாய், இரவு 10.09

மோட்டார் ஓடவில்லை என்றால் பட்டறைக்கு அனுப்புங்கள். கூலி வேண்டாம், அரைக்கும்போது நான் பக்கத்தில் நிற்க வேண்டும், செருப்பைக் கழற்றிவிட்டு.